தென்னங்காணிக் களைக்கு மருந்தா, மெசினா?
மாரி முடியத் தென்னங்காணியில் களை இடுப்பளவு நிற்கும். களைநாசினி அடித்தால் ஒரே காலையில் வேலை முடியும், கூலியும் குறைவு, சரி. ஆனால் கிளைபோசேட் (2015இல் இலங்கையில் தடை செய்து பிறகு விலக்கிய அதே மருந்து) பட்ட இடத்தில் தும்பை, கீழ்க்காய்நெல்லி, குப்பைமேனி எல்லாமே கருகும், வருடா வருடம் அடித்தால் வெறித்த மண்ணில் முதலில் ஏறுவது காற்றில் விதை வரும் பார்த்தீனியமும் கிழங்கு தப்பிய கோரையும்தான். நமக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர், அடித்த மருந்து அதில் இறங்கலாம்!

புல்வெட்டும் மெசினால் வெட்டினால் பலமுறை வெட்ட வேண்டும், புல்லும் கொஞ்சம் மேலோங்கும். ஆனால் தும்பை விதை கொட்டிய பிறகு, நாலு விரல் உயரம் விட்டு வெட்டிப் பாருங்கள், அடுத்த மழைக்கு அந்த மூலிகை எல்லாம் திரும்ப முளைக்கும், தேனீயும் வரும். என் தேர்வு மெசின்தான். பார்த்தீனியத்தை மட்டும் பூக்க முன், கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள்.