நாள் வாடகை வீடுகள்: கடிவாளம் ஊரிடமா, மாநிலத்திடமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனா என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் செம்பாறை மலைகள், நடுவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். 2022இல் அந்த ஊர் நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏர்பிஎன்பி போன்ற இணையத் தளங்களில் நாள் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டை, உள்ளூரில் வேலை பார்ப்பவர் குடியிருக்க நீண்டகால ஒப்பந்தத்தில் கொடுத்தால், வீட்டுக்காரருக்கு 10,000 டாலர் வரை நகராட்சியே தரும். ஹோட்டலில் படுக்கை மாற்றுகிறவர், கடையில் கல்லாவில் நிற்கிறவர், பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு ஊருக்குள் வீடு கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். 2024இல் காரிலேயே படுத்துறங்கும் தொழிலாளர்களுக்கு இரவில் வண்டி நிறுத்த ஓர் இடம் ஒதுக்கும் அளவுக்கு நிலைமை போனது. அந்த ஏற்பாட்டையும் அதே ஆண்டு நவம்பரில் ஊர்மக்கள் வாக்களித்து நிராகரித்துவிட்டார்கள்.

நகராட்சி ஏன் காசு கொடுத்துக் கெஞ்ச வேண்டும்? “இந்த ஊரில் இத்தனை வீடுகளுக்கு மேல் நாள் வாடகைக்கு விடக்கூடாது” என்று ஒரு தீர்மானம் போட்டால் போதாதா? போட முடியாது. 2016இல் ஆளுநர் டக் டூசி கையெழுத்திட்டு, 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், நாள் வாடகை வீடுகளைத் தடைசெய்யும் உரிமையை அரிசோனாவின் எல்லா ஊர்களிடமிருந்தும் பறித்துவிட்டது.

இந்த விஷயம் எனக்கு வெறும் செய்தியல்ல. இங்கே அமெரிக்காவில் எங்கள் தெருவிலும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீடு இப்படி மாறியது. கதவில் எண் பூட்டு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் துப்புரவு வேன் வந்தது. எதிர்வீட்டுப் பாட்டிக்குப் பேச்சுத்துணையாக இருந்த குடும்பம் போய்விட்டது. ஆனால் நாங்கள் மூன்று குடும்பமாகச் சேர்ந்து, ரைஸ் குக்கரும் பொடி டப்பாக்களுமாக ஸ்மோக்கி மலைக்குப் போகும்போது இப்படிப்பட்ட வீட்டில்தான் தங்குகிறோம். ஹோட்டல் அறையில் பன்னிரண்டு பேருக்கு ரசம் வைக்க முடியாது. அதனால் இந்த வீடுகளே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அவற்றுக்கு விதி எழுத வேண்டியது யார், வரி வாங்க வேண்டியது யார் என்பதுதான் என் கேள்வி. இந்த இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல என்று நினைக்கிறேன்.

முதலில் சட்டத்தின் அடித்தளம். இந்தியாவில் 74ஆவது திருத்தத்துக்குப் பிறகு நகராட்சிகளுக்கு அரசியல் சாசனத்திலேயே ஓர் இடம் உண்டு. அமெரிக்க அரசியல் சாசனத்தில் நகரம் என்ற பேச்சே கிடையாது. நகரங்கள் மாநிலத்தின் படைப்புகள், மாநிலம் நினைத்தால் அவற்றின் அதிகாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று பிட்ஸ்பர்க் வழக்கில் 1907இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தங்கள் ஊர் விவகாரங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் உரிமையைப் பல மாநிலங்கள் ஊர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றன. ஆனாலும் கடைசிச் சாவி மாநிலத் தலைநகரில்தான் இருக்கிறது.

எத்தனை வீடு, எந்தத் தெரு?

மாநிலத்தின் பக்கம் நிற்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொத்து என்னுடையது, அதில் ஒரு மாதம் தங்கவைக்கலாம், ஒரு வாரம் தங்கவைக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் பின்கட்டு அறையை வாடகைக்கு விட்டு வீட்டுக்கடன் கட்டுகிறார்கள். ஊருக்கு ஊர் விதி மாறினால், பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு வீடு வைத்திருப்பவர் இரண்டு சட்டப் புத்தகம் படிக்க வேண்டும். நகர மன்றக் கூட்டத்துக்கு வந்து சத்தமாகப் பேசும் இருபது பேருக்காக மன்றங்கள் அவசரச் சட்டம் போட்டுவிடுவதும் உண்டு.

சரி. ஆனால் பதினாறு லட்சம் பேர் வாழும் ஃபீனிக்ஸுக்கும் பத்தாயிரம் பேர் வாழும் செடோனாவுக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் யாருக்குப் பொருந்தும்? பெருநகரத்தில் ஐந்நூறு வீடுகள் நாள் வாடகைக்குப் போனால் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடும். சிற்றூரில் ஐந்நூறு வீடுகள் போனால் பள்ளியில் ஒரு வகுப்பே காலியாகும். இந்த வேறுபாடு தலைநகரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

அரிசோனாவே இதைப் பாதி உணர்ந்து 2022இல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. இப்போது ஊர்கள் உரிமம் கேட்கலாம், அதற்கு 250 டாலர் வரை கட்டணம் வாங்கலாம். விதிமீறலுக்கு முதல் தடவை 500, இரண்டாம் தடவை 1,000, மூன்றாம் தடவை 3,500 டாலர் என்ற அளவில் அபராதம் போடலாம். ஓராண்டில் மூன்று மீறல்கள் உறுதியானால் உரிமத்தை நிறுத்தியும் வைக்கலாம். இரவுக் கொண்டாட்டங்களால் தூக்கம் கெட்டவர்களுக்கு இது உதவும். ஆனால் எத்தனை வீடு என்ற கேள்வியை இன்றும் ஊர் தொட முடியாது. சத்தமே போடாத, குப்பையே கொட்டாத ஐந்நூறு விடுமுறை வீடுகளும் ஐந்நூறு குடும்பங்களின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

ஃப்ளோரிடாவும் ஏறக்குறைய இதே வழியில்தான் போனது. 2011இல் ஊர்களின் கையை முழுதாகக் கட்டியது, 2014இல் முடிச்சைச் சற்றே தளர்த்தியது. தடைசெய்யவோ, எத்தனை நாள் தங்கலாம் என்று வரையறுக்கவோ இன்னும் முடியாது. 2011 ஜூனுக்கு முன்பே விதி எழுதி வைத்திருந்த ஊர்களுக்கு மட்டும் விலக்கு. முந்திக்கொண்ட ஊருக்கு ஒரு நீதி, தாமதமாக விழித்த ஊருக்கு இன்னொரு நீதி என்று ஆகிவிட்டது.

எதிர்முனையில் நியூயார்க் நகரம் இருக்கிறது. அதன் 18ஆம் எண் உள்ளாட்சிச் சட்டம் 2023 செப்டம்பரில் அமலானது. முப்பது நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் வீட்டுக்காரர் அதே வீட்டில் கூடவே இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது, நகர அலுவலகத்தில் பதிவுசெய்து எண் வாங்க வேண்டும். பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் எந்தத் தளமும் பணம் வாங்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் கூரிய கத்தி. பல்லாயிரம் வீட்டுக் கதவுகளைத் தட்டிச் சோதிப்பதற்குப் பதிலாக, பணம் போகும் குழாயிலேயே கை வைத்தார்கள். ஆயிரக்கணக்கான விளம்பரங்கள் சில வாரங்களில் மறைந்தன.

ஆனால் நியூயார்க் நகரம் இதைத் தனியாகச் சாதிக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முப்பது நாளுக்குக் குறைந்த வாடகையைத் தடுத்தது 2010இல் மாநிலம் இயற்றிய சட்டம். அப்படிப்பட்ட வீடுகளை விளம்பரப்படுத்துவதே குற்றம் என்று 2016இல் சொன்னதும் மாநிலம்தான். அந்தத் தரைமேல்தான் நகரம் தன் சுவரை எழுப்பியது. உள்ளூர் அதிகாரத்துக்கு வெற்றிச் சான்றாக எல்லோரும் நியூயார்க்கைக் காட்டுகிறார்கள். எனக்கோ அது மாநிலம் முதுகுக்குப் பின்னால் நின்றால் ஊர் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்றாகப் படுகிறது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தால் நகரத்தில் வீட்டு வாடகை கண்ணில் படும்படி இறங்கிவிடவில்லை. வீட்டுப் பற்றாக்குறைக்கு வேறு பெரிய காரணங்களும் அங்கே இருக்கின்றன.

ஊர் தன் அதிகாரத்தைத் தவறாகவும் பயன்படுத்தலாம். குடியிருப்புப் பகுதியில் நாள் வாடகை உரிமம் வேண்டுமானால் அதே இடத்தில் வாழ்பவராக இருக்க வேண்டும் என்று நியூ ஆர்லியன்ஸ் விதி எழுதியது. வெளிமாநிலத்தவரை ஒதுக்கும் விதி இது என்று 2022இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ஆனால் ஊர் ஓயவில்லை. ஒரு தெருப் பகுதிக்கு ஓர் உரிமம், போட்டியிருந்தால் குலுக்கல் என்று 2023இல் புது விதி எழுதியது. யார் விடலாம் என்பதைவிட எத்தனை விடலாம் என்பது சட்டப்படியும் பாதுகாப்பான கேள்வி, ஊருக்கும் உண்மையில் தேவையான கேள்வி.

வரி என்று வந்தால் தராசு சாய்கிறது

வரி விஷயத்தில் நான் மாநிலத்தின் பக்கம். காரணம் எளிமையானது. சிற்றூர் நகராட்சியில் கணக்குப் பார்க்க ஒருவரோ இருவரோ இருப்பார்கள். உலகம் முழுக்கத் தொழில் நடத்தும் ஒரு தளத்தின் கணக்கை அவர்கள் எப்படித் தணிக்கை செய்வார்கள்? 2010களில் பல ஊர்கள் தளங்களோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. தளம் மொத்தமாக ஒரு வரித்தொகையை அனுப்பும். எந்த வீடு, எத்தனை இரவு என்ற விவரம் பெரும்பாலும் வராது. பணம் வந்தது, முகவரி வரவில்லை. ஊர் தன் எல்லைக்குள் எந்தெந்த வீடு விடுதியாகியிருக்கிறது என்று தெரியாமலே காசை வாங்கிக்கொண்டிருந்தது.

2018இல் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு சூழலை மாற்றியது. மாநிலத்துக்குள் கடையோ கட்டடமோ இல்லாத நிறுவனத்தையும் விற்பனை வரி வசூலித்துக் கட்டச் சொல்லலாம் என்று ஆனது. அதன்பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக இணையத் தளங்களைச் சட்டப்படி வரி வசூலிப்பவர்களாக மாற்றின.

இதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு மாசசூசெட்ஸ் மாநிலத்துடையது. 2018 டிசம்பரில் சார்லி பேக்கர் ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்ட சட்டம். வீடுகள் மாநில வருவாய்த் துறையில் பதிவாக வேண்டும். மாநில வரி 5.7%. ஊர் விரும்பினால் 6% வரை தன் பங்கைச் சேர்க்கலாம், பாஸ்டன் 6.5% வரை. ஒரே ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைத் தொழிலாக நடத்துபவர்களிடம் இன்னும் 3% வரை சமூகக் கட்டணம் வாங்கலாம். அதில் குறைந்தது 35% மலிவு வீடுகளுக்கோ உள்ளூர்க் கட்டமைப்புக்கோ போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அதே மாநிலத்தின் கேப் காட் கடற்கரை ஊர்களில் இதோடு 2.75% நீர்ப் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. அங்கே பெரும்பாலான வீடுகளில் கழிவுநீருக்கு செப்டிக் தொட்டிதான். அதிலிருந்து கசியும் நைட்ரஜன் உப்பங்கழிகளில் பாசியை வளர்த்து, சிப்பிகளையும் மீன்களையும் கொல்கிறது. கோடையில் வந்து தங்குபவர் தரும் காசு, அவர் பங்களித்த அழுக்கைச் சுத்தம் செய்யவே போகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் அங்கே வரி 17.45% வரை போகலாம். அதிகம்தான். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

இதே சட்டம் ஊர்களின் கையைக் கட்டவில்லை என்பதுதான் முக்கியம். முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட வீடுகளை நாள் வாடகைக்கு விட முடியாதபடி பாஸ்டன் தனக்கென்று விதி வைத்திருக்கிறது. வசூல் மேலே, அனுமதி கீழே.

மாநிலம் வசூலித்தால் பணம் ஊருக்குத் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் உண்டா? இல்லை. இந்த வாதத்தின் பலவீனமான இடம் இதுதான். வெர்மான்ட் மாநிலம் 2024 ஆகஸ்ட் முதல் நாள் வாடகை வீடுகளுக்கு 3% கூடுதல் வரி போட்டது. அது மாநிலக் கல்வி நிதிக்குப் போகிறது. நல்ல காரியம்தான், ஆனால் நெரிசலைத் தாங்கும் ஊரின் பெட்டிக்கு அது நேராக வருவதில்லை. ஹவாயில் இன்னும் மோசம். தங்கல் வரியிலிருந்து, கவுண்டி எனப்படும் மாவட்ட அளவிலான நான்கு உள்ளாட்சிகளுக்கும் ஆண்டுக்கு 10.3 கோடி டாலர் பகிர்ந்துவந்த மாநிலம், 2021இல் அதை நிறுத்திவிட்டு, வேண்டுமானால் நீங்களே 3% போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. சுற்றுலாப் பயணி மாநில வரியாக 10.25%, கவுண்டி வரியாக 3%, அதற்கு மேல் பொது விற்பனை வரி என்று கட்ட வேண்டிவந்தது.

மாவி சொல்லும் பாடம்

2023 ஆகஸ்டில் ஹவாயின் மாவி தீவிலுள்ள லஹைனா நகரம் எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பிழைத்தவர்கள் தங்க இடமின்றித் திரிந்தபோது, அதே தீவில் ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகள் பயணிகளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தன. குடியிருப்பு மண்டலத்தில் பழைய விதிவிலக்கு ஒன்றின்கீழ் மட்டுமே ஏறக்குறைய 7,000 வீடுகள். 2024 மே மாதம் ஆளுநர் ஜாஷ் கிரீன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாள் வாடகை வீடுகளைப் படிப்படியாக நிறுத்தவும் கவுண்டிகளுக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவாகச் சொன்ன சட்டம் அது. அரிசோனா எடுத்துக்கொண்டதை ஹவாய் கொடுத்தது. அதே நேரத்தில் மாவி மேயர் ரிச்சர்ட் பிஸ்ஸன் அந்த 7,000 வீடுகளையும் குடியிருப்புக்குத் திருப்பும் திட்டத்தை அறிவித்தார்.

அடுத்து வந்த சிக்கலையும் மறைக்கக் கூடாது. நாள் வாடகை வீடுகளுக்கு மாவியில் சொத்து வரி, சொந்தமாகக் குடியிருப்பவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு. கவுண்டியின் பணப்பெட்டியே அவற்றின்மேல் சாய்ந்திருக்கிறது. அவற்றைக் குறைத்தால் வருமானம் விழும், துப்புரவு செய்பவர் முதல் தோட்டம் பார்ப்பவர் வரை வேலை போகும் என்று எதிர்த்தவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். அதனால்தான் வரியையும் அனுமதியையும் ஒரே கையில் வைப்பது ஆபத்து என்கிறேன். வரியை நம்பி வாழும் ஊர், “போதும்” என்று சொல்ல வேண்டிய நேரத்தில் தயங்கும்.

கண்காணிப்பிலும் இப்படி ஒரு பங்கீடுதான் வேண்டும். பதிவேட்டை மாநிலம் வைத்திருக்கட்டும். தளங்களிடமிருந்து வீட்டு முகவரி கேட்டு வாங்கும் வலு அதற்குத்தான் உண்டு. அந்தப் பதிவேடு ஊர் அலுவலகத்துக்கும் திறந்திருக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பாட்டுச் சத்தம் என்று அழைத்தால் வரப்போவது உள்ளூர்க் காவலர்தானே? அவருக்கு அந்த வீட்டின் பொறுப்பாளர் எண் அப்போதே தெரிய வேண்டும்.

நம்மவர்களில் பலர் இப்போது முதலீட்டுக்கென்று மலையடிவாரத்திலும் கடற்கரையிலும் வீடு வாங்குகிறார்கள். வாங்குமுன் மாநிலச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஊர் விதி, குடியிருப்போர் சங்கத்தின் விதி இரண்டையும் படியுங்கள். அப்புறம், அந்த ஊரில் ஆசிரியர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் ஊர் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் பேச நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். எண் பூட்டு மாட்டிய அந்த வீட்டிலிருந்து போன ஆண்டு எவ்வளவு வரி போனது, அதில் எங்கள் ஊருக்கு எவ்வளவு திரும்பியது, எந்தக் கணக்கில் வரவு வைத்தார்கள் என்று கேட்கப் போகிறேன்.