‘ஃபுல் ஓகே சார்’: மாடல் ரயில் என்ஜினை மொபைல் கடையில் ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

டிசிசி (தண்டவாளத்து மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளையும் அனுப்பி ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியாக ஓட்டும் முறை) மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் கொஞ்சம் பேர்தான். இதற்கென்று ரிப்பேர் கடை தேடிப் பிடிப்பதும் கஷ்டம். அதனால் என்ஜின் போர்டில் ஏதாவது உடைந்தால், “மொபைல் போர்டையே பிரித்து மேய்கிறார்கள், இதைச் செய்ய மாட்டார்களா?” என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். செய்வார்கள். செய்துவிட்டு ஓட்டியும் காட்டுவார்கள். அந்த ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னுடையது ஜெர்மன் 218 வகை டீசல் என்ஜின், எச்ஓ அளவு, அதாவது 1:87. செகண்ட்ஹேண்டில் வாங்கியது. உள்ளே டிகோடர் (அந்தக் கட்டளையைப் புரிந்துகொண்டு என்ஜினை ஓட்டும் சின்னப் போர்டு) செருகும் 8 பின் சாக்கெட் வாங்கும்போதே உடைந்திருந்தது. முன்பு வைத்திருந்தவர் பிளக்கைச் சாய்வாகப் பிடித்து இழுத்திருக்கிறார். சாக்கெட்டின் ஒரு மூலை பெயர்ந்து, 8ஆம் பின்னை ஈயம் வைத்து ஒட்டும் செம்புப் பேடும் கூடவே வந்துவிட்டது. விற்றவர் இதைச் சொல்லித்தான் விலை குறைத்தார், அவர்மேல் குறை இல்லை.

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் மொபைல், லேப்டாப் போர்டு வேலை பார்க்கும் கடையில் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். சாக்கெட்டை மாற்ற வேண்டும், பிய்ந்த பேடுக்குப் பதிலாகப் போர்டின் செம்புக் கோட்டிலிருந்து மெல்லிய ஜம்பர் வயர் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று தாளில் வரைந்தே கொடுத்தேன். முதலில் 600 ரூபாய் என்றார்கள். வாங்கப் போனபோது 1,500. கேட்டால், “இம்போர்ட்டட் சாக்கெட் சார், இங்க கிடைக்காது” என்று பதில். இந்தச் சாக்கெட்டின் துளைகளுக்கு இடையே 2.54 மி.மீ. அதே இடைவெளியில் பின் வரிசைகள் அந்தத் தெருவிலேயே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சரி, வேலை நன்றாக இருந்தால் போதும் என்று பணத்தைக் கொடுத்தேன்.

கடையில் ஓட்டிக் காட்டினார்கள். டிகோடர் இல்லாதபோது அந்த இடத்தில் செருக என்ஜினோடு வந்த டம்மி பிளக்கைச் செருகி, சக்கரத்தில் 12 வோல்ட் டிசி (சாதாரண நேர்மின்சாரம்) கொடுத்ததும் மோட்டார் அழகாகச் சுற்றியது. வயரை மாற்றிப் பிடித்தால் பின்னாலும் ஓடியது. “ஃபுல் ஓகே சார், ஒரு மாசம் வாரண்டி” என்றார் அந்தத் தம்பி.

வீட்டில் டம்மியைக் கழற்றிவிட்டு, வேறொரு என்ஜினில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சவுண்ட் டிகோடரைச் செருகி, வீட்டுத் தண்டவாள லேஅவுட்டில் வைத்தேன். என்ஜின் சத்தம் வந்தது, விளக்கு எரிந்தது. திராட்டிலை முதல் படிக்குத் திருப்பியதும் கருகல் வாடை. அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. ஜெர்மனியிலிருந்து தருவிக்கும் டிகோடர் அது. விலையே நூறு யூரோவைத் தாண்டும், தபால் செலவும் சுங்க வரியும் தனி.

திரும்பக் கொண்டுபோனால், “உங்க டிகோடர் ஏற்கெனவே போயிருக்கும் சார், நாங்க குடுக்கும்போது ஓடுச்சே, நீங்களே பாத்தீங்களே” என்றார்கள். ஓடியது உண்மைதான். அந்தச் சோதனையில் அது ஓடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏன் என்று சொல்கிறேன்.

டிசிசியில் தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நேரடித் தொடர்பே இருக்கக் கூடாது. நடுவில் டிகோடர் இருந்து, தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தை வாங்கி மோட்டாருக்கு அளந்து கொடுக்கும். 8 பின் சாக்கெட்டில் 8 (சிவப்பு வயர்) வலது தண்டவாளம், 4 (கறுப்பு) இடது தண்டவாளம். 1 (ஆரஞ்சு), 5 (சாம்பல்) இரண்டும் மோட்டார். பின்கள் இரண்டு வரிசையாக இருப்பதால் 1க்கு நேர் எதிரே 8, 4க்கு நேர் எதிரே 5. டம்மி பிளக் செய்யும் வேலையே, டிகோடர் இல்லாமல் சாதாரண டிசியில் ஓடுவதற்காக 1ஐ 8உடனும் 4ஐ 5உடனும் இணைத்துவிடுவதுதான்.

இப்போது, சாக்கெட்டுக்கு அடியில் 1க்கும் 8க்கும் நடுவே ஈயம் வழிந்து ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். டம்மி செருகினால் அந்தத் தவறு தெரியவே தெரியாது, டம்மியும் அதே இரண்டைத்தான் இணைக்கிறது. டிகோடர் செருகினாலும் மோட்டாரை ஓட்டாத வரை சத்தம், விளக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க டிகோடர் முயலும்போதுதான் வினை. டிசிசியில் தண்டவாளத்தின் துருவம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறிக்கொண்டே இருக்கும். மோட்டார் முனையோ நேராகத் தண்டவாளத்தோடு ஒட்டியிருக்கிறது. டிகோடரின் மோட்டார் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட்டை வாங்கிக்கொண்டு எரிந்துபோகும். எனக்கு நடந்தது இதேதான்.

கடையில் பேசிப் பயனில்லை என்று போர்டைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ‘இம்போர்ட்டட்’ சாக்கெட் என்று காசு வாங்கியது பழைய சாக்கெட்டேதான், உடைந்த மூலையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஈயத்தை உருக்கும் ஹாட் ஏர் கருவியின் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, பின்கள் கொஞ்சம் கோணிவிட்டன. 8ஆம் பின்னுக்கு ஜம்பர் போட்டிருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மேலே வாரியிறைத்த ஃப்ளக்ஸை (ஈயம் ஒட்ட உதவும் பசை) சுரண்டினால் 1ஆம் பின் வரை கடுகளவு ஈயம். மல்டிமீட்டர் வைத்தேன், பீப். டிகோடர் இல்லை, டம்மி இல்லை, 1க்கும் 8க்கும் பீப்.

எனவே எந்தக் கடையில் கொடுத்தாலும், வாங்கும்போது டம்மி பிளக்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். 1க்கும் 8க்கும், 4க்கும் 5க்கும், குறுக்காக 1க்கும் 4க்கும், 5க்கும் 8க்கும் தொடர்பே இருக்கக் கூடாது. 1க்கும் 5க்கும் நடுவில் மட்டும் மோட்டார் சுருள் வழியாகச் சில பத்து ஓம் காட்டலாம். என்ஜின் தண்டவாளத்தில் இல்லாமல் கையில் இருக்கும்போது 4க்கும் 8க்கும் நடுவிலும் ஒன்றும் வரக் கூடாது. மீட்டரில் பாஸ் ஆனாலும், டிகோடர் செருகியதும் முதலில் வைக்க வேண்டிய இடம் புரோகிராமிங் டிராக், அதாவது டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள தனித் தண்டவாளம். அங்கே மின்சாரம் 250 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். சிவி (டிகோடரின் அமைப்பு எண்கள்) படிக்க மறுத்தால் அப்படியே எடுத்துவிடுங்கள், மெயின் டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கழற்றிய பழைய சாக்கெட்டைக் கேட்டு வாங்குவதும் முக்கியம். கொடுக்கத் தயங்கினால், அது எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். கொடுக்கும் முன் போர்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்ததால்தான், மூலை உடைந்த சாக்கெட்டை நான் அடையாளம் காட்ட முடிந்தது.

மொபைல் கடைத் தம்பிகளுக்குக் கைவேலை தெரியாது என்று நான் சொல்லவில்லை. இன்னொரு வகை டிகோடர் சாக்கெட்டான 21 பின் சாக்கெட்டின் 1.27 மி.மீ. இடைவெளியெல்லாம் அவர்களுக்கு அகலமான இடம். போனில் அதைவிட நெருக்கமான கனெக்டரை நாள் முழுக்க மாற்றுகிறார்கள். கோபம் வருவது, என்ன பொருள் என்றே தெரியாமல் ‘ஃபுல் ஓகே’ சொன்னதற்கும், பழையதை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் புதியதற்குக் காசு வாங்கியதற்கும்.

பில் கேட்டபோது துண்டுச் சீட்டில் ‘சாக்கெட் சேஞ்ச் 1,500’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டையும் படங்களையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது. புகார் போனபின் கடையிலிருந்து போன் வந்தது. 1,500ஐத் திருப்பித் தருகிறார்களாம். டிகோடருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “அது எங்க பொறுப்பு இல்ல சார், வேணும்னா உங்க போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஃப்ரீயா போட்டுத் தரோம்” என்றார்கள்.