24 வயது மகளை 11 வயதுக் குழந்தையாக்கிய டிராவல் ஏஜென்ட்

வளர்ந்த மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஓரளவு பேர் வாங்கிய ஒரு நிறுவனம், எங்களிடம் மூன்று பெரியவர்களுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, இத்தாலியில் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்று பதிவு செய்து அனுப்பிவைத்தது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. இதே வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால், எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

மகளுக்கு 24 வயது, பெங்களூரில் வேலை. அவளுக்கு லீவு கிடைக்கிற நேரம் பார்த்து 2025 செப்டம்பருக்கு ஏற்பாடு செய்தோம். புளோரன்ஸில் உஃபிசி ஓவியக்கூடம் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அப்பாவுக்குக் கொலோசியம். எனக்குப் பதுவை அந்தோனியார் கோயில். டிக்கெட் எல்லாம் தானே போட்டுவிடுவதாக மகள் சொன்னாள். கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி என்ற புனித ஆண்டு, ரோமில் கூட்டம் நெரியும், ஏதாவது ஒன்று என்றால் கேட்பதற்கு ஊரில் ஓர் ஆள் வேண்டும் என்று அவள் அப்பா நினைத்தார். அப்படித்தான் ஏஜென்டிடம் போனோம்.

பேசும்போதே மகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவளுக்குத் தனிப் படுக்கை வேண்டும், சோபாவை இழுத்துப் போட்டுத் தூங்கச் சொல்லக் கூடாது. அதை இமெயிலிலும் எழுதி அனுப்பினோம். "ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க மேடம், மூணு அடல்ட், டிரிபிள் ரூம், எல்லாம் ஃபோர் ஸ்டார்" என்றார் ஏஜென்ட். தலைக்கு 2,40,000 ரூபாய், மூன்று பேருக்கு 7,20,000. அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி, அந்த மொத்தத்தின் மேல் 5 சதவீத டிசிஎஸ் (ஏஜென்டே நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி) 37,800 ரூபாய். இன்வாய்ஸில் '3 அடல்ட்ஸ்' என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. புகாருக்கு இன்று எங்களிடம் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான்.

விசா வேலை ஒழுங்காக நடந்தது. ஒரு ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, மகளுக்குத் தனியாகச் சம்பளச் சீட்டு, லீவு லெட்டர். விமான டிக்கெட்டும் சரி. ஆனால் ஓட்டல் வவுச்சர்களும் ரயில் டிக்கெட்டும் கிளம்புவதற்கு முந்தின ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் வந்தன. வவுச்சர் எல்லாம் அவர்களுடைய லோகோ போட்ட தாள். அவள் அப்பா பேர், கீழே '3 பேக்ஸ்', அதாவது மூன்று பேர். அவ்வளவுதான். ஓட்டலின் சொந்த உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றுகூட இல்லை.

ரோமில் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் வரவேற்பில் இருந்த பெண் மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கினார். இத்தாலியில் தங்குகிற ஒவ்வொருவர் விவரத்தையும் ஓட்டல்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதனால் பாஸ்போர்ட் பார்க்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. மகளின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் மகளைப் பார்த்தார். "குழந்தை எங்கே?" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு பெரியவர், ஒரு குழந்தை, வயது 11.

அந்த அறை இரண்டு பெரியவர்களுக்கும் ஒரு சிறு பிள்ளைக்கும் உரியது. மூன்றாவது பெரியவரை அதில் தங்கவைக்கத் தங்களுக்கு அனுமதி இல்லை என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பொறுமையாகவே பேசினார். காலியாக இருந்த ஒரு சிங்கிள் அறையை மகளுக்கு எடுத்தோம், ஓர் இரவுக்கு 130 யூரோ. ஃபோரெக்ஸ் கார்டில் ஷாப்பிங்குக்கு என்று வைத்திருந்த பணம் அங்கேயே கரைந்தது. 'எல்லா வரியும் உட்பட' என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் நகர வரியையும் நாங்களேதான் கட்டினோம். ரோமில் ஃபோர் ஸ்டார் ஓட்டலுக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 7.50 யூரோ. இது பொதுவாக ஓட்டலிலேயே நேரில் வசூலிக்கப்படுகிறது. யாராவது 'உட்பட' என்றால் எப்படி என்று கேளுங்கள்.

அன்று ராத்திரி மகள் உட்கார்ந்து மீதி எல்லாவற்றையும் நோண்டினாள். அப்போதுதான் முழு வேலையும் தெரிந்தது. ரயில் டிக்கெட்டின் பிடிஎஃப்பில் கீழ்ப் பகுதியை வெட்டியிருந்தார்கள். பிஎன்ஆர் எண்ணை ரயில் ஆப்பில் போட்டதும் முழு டிக்கெட் வந்தது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெற்றோரோடு இலவசமாகப் போகிற சலுகை ஒன்று அங்கே உண்டு, அதில் இவளை ஏற்றியிருந்தார்கள். கொலோசியத்தில் 18 வயதுக்குக் கீழ் டிக்கெட் இலவசம். அதிலும் இவள் பேரில் ஒரு பூஜ்ய யூரோ டிக்கெட். எல்லாவற்றுக்கும் எங்களிடம் பெரியவர் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

இதில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். விசா, விமானம் என்று இந்தியாவில் பாஸ்போர்ட் காட்ட வேண்டிய இடத்தில் எல்லாம் மகள் பெரியவள். இத்தாலியில் போய் இறங்கிய பிறகு மாட்டுகிற இடத்தில் எல்லாம் குழந்தை. அவள் பிறந்த தேதி விசா ஃபாரத்தில் அவர்கள் கையாலேயே நிரப்பியது. தவறுதலாக நடந்தது என்று யார் சொன்னாலும் நான் நம்பத் தயாரில்லை.

கொலோசியத்துக்கு 2023 அக்டோபர் முதல் டிக்கெட்டில் பெயர் இருக்கிறது, வாசலில் அடையாளச் சான்றோடு சரிபார்க்கிறார்கள். இலவச டிக்கெட் என்றால் வயதையும் பார்ப்பார்கள். புது டிக்கெட் எடுக்கலாம் என்று அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்தால் மறுநாளுக்கு ஓர் இடமும் இல்லை. அங்கே சாதாரண டிக்கெட் 18 யூரோதான், ஆனால் 30 நாள் முன்னதாகவே விற்பனை தொடங்கிவிடுகிறது. இந்தத் தட்டுப்பாடும் தானாக வந்ததில்லை. டிக்கெட்டுகளை மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளியதும் அதைத் தடுக்காமல் விட்டதும் தொடர்பாக டிக்கெட் விற்ற அமைப்புக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து இத்தாலியின் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. வாசலுக்கு முன்னால் கலர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் இந்தத் தட்டுப்பாட்டில்தான் பிழைக்கிறார்கள். எங்களிடம் ஒருவர் 70 யூரோ கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கம்மா, நான் வெளியில இருக்கேன்" என்றாள் மகள். எனக்கு மனசு வரவில்லை. அவள் அப்பாவை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் பக்கத்து மேட்டில் இருக்கும் சான் பியெத்ரோ இன் வின்கோலி கோயிலுக்கு ஏறினோம். புனித பேதுருவைக் கட்டிய சங்கிலி என்று வணங்கப்படுகிற சங்கிலி அங்கே இருக்கிறது, மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலையும் அங்கேதான். நுழைவுக் கட்டணம் கிடையாது. மத்தியானம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். கொலோசியம் கிடைக்காதவர்கள் தெருவில் 70 யூரோ கொடுப்பதற்குப் பதில் இங்கே வரலாம் என்பது என் கருத்து. அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

புளோரன்ஸ் ரயிலுக்கு முதல் நாளே மகளுக்கு முழு டிக்கெட் எடுத்துவிட்டோம். ஒன்றரை மணி நேரப் பயணம். முன்கூட்டி எடுத்திருந்தால் பாதிக்கும் குறைவாக முடிந்திருக்கும். பரிசோதகர் வந்து பழைய டிக்கெட்டோடு பிடித்திருந்தால் கட்டணத்தோடு அபராதமும் சேர்ந்திருக்கும். மோசடி செய்தவர் கோவையில் ஏசி அறையில் இருக்க, ஓசிப் பயணம் போனவள் என்ற பேர் என் மகளுக்கு வந்திருக்கும். பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்.

உஃபிசியிலும் அதே கதை, அங்கே வரிசையில் நின்று டிக்கெட் வாங்க முடிந்தது. இளைஞர் சலுகை என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரை 2 யூரோ என்பது ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்குத்தான், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இல்லை. திங்கட்கிழமை உஃபிசி மூடியிருக்கும், டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவும் அப்படியே. ஏஜென்ட் கொடுத்த முதல் அட்டவணையில் உஃபிசி திங்கட்கிழமைதான் இருந்தது. மகள்தான் மாற்றவைத்தாள்.

வெனிஸ் ஓட்டல் தீவு வெனிஸில் இல்லை, கரைப் பக்கம் இருக்கும் மெஸ்த்ரேயில் இருந்தது. அது பலருக்கும் நடப்பது, ரயிலில் பத்து நிமிடம், விட்டுவிடலாம். ஆனால் மதிப்பீட்டுத் தாளில் 'வெனிஸ் நுழைவுக் கட்டணம்' என்று தலைக்கு 10 யூரோ போட்டிருந்தார்கள். 2025இல் அந்தக் கட்டணம் ஏப்ரல் 18க்கும் ஜூலை 27க்கும் நடுவே 54 நாட்களுக்கு மட்டும்தான் இருந்தது. செப்டம்பரில் கிடையவே கிடையாது. கட்டணம் இருக்கிற நாளில்கூட, மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள் வருவதால், அங்கே ராத் தங்குகிறவர்கள் விலக்குப் பதிவு செய்துகொண்டால் போதும், பணம் கட்ட வேண்டியதில்லை. இல்லாத கட்டணத்தை எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

பதுவைக்கு நாங்களாகவே மெஸ்த்ரேயிலிருந்து ரயில் ஏறிப் போனோம். அரை மணிக்குள் போய்விடலாம். அந்தோனியார் கல்லறையில் கை வைத்து ஜெபித்தோம், அவருடைய அழியாத நாவையும் பார்த்தோம். உள்ளே போக டிக்கெட்டே இல்லை என்பதால் அங்கே யாரும் எங்களை ஏமாற்ற வழியில்லாமல் போயிற்று.

இதற்கிடையில் ஏஜென்டின் பதில்கள். முதலில், "சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா சைல்டுன்னு எடுத்துக்கிச்சுங்க மேடம்." அப்புறம், இத்தாலியில் இவர்களுக்காக ஏற்பாடு செய்யும் உள்ளூர் நிறுவனம் (டிஎம்சி) செய்த தவறு. அதற்கும் அடுத்து, "ஃபேமிலி பேக்கேஜ்ல பசங்கன்னாலே சைல்டு கேட்டகிரிதானுங்க." 24 வயதுக்காரியா பசங்க கேட்டகிரி என்று மகள் கேட்டதற்கு இரண்டு நீல டிக் மட்டும் வந்தது.

ரோம் ஓட்டலில் அந்தப் பெண்ணிடம் கேட்டு, தங்களுக்கு வந்த முன்பதிவை அப்படியே அச்செடுத்து வாங்கிக்கொண்டோம். பதிவான தேதி, 'குழந்தை, 11' என்ற வரி, தொகை எல்லாம் அதில் இருக்கிறது. மாட்டிக்கொண்டவர்கள் அந்தத் தாளை வாங்காமல் ஓட்டலை விட்டுக் கிளம்பாதீர்கள், ஊருக்கு வந்த பிறகு மெயிலில் கேட்டால் பதில் வருவது சந்தேகம். கூடுதலாக எடுத்த அறையின் பில், ரயில் டிக்கெட், ஃபோரெக்ஸ் கார்டு கணக்கு எல்லாவற்றையும் மகள் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தாள்.

இனிப் போகிறவர்கள், கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே ஒவ்வொரு ஓட்டலுக்கும் நேரடியாக மெயில் போடுங்கள். ஒவ்வொருவர் பேரும் வயதும் எழுதி, மூன்று பெரியவர்களுக்கு 'டிரிப்லா' (மூவர்) அறை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு ஓட்டல் பேர்கள் தெரிய வேண்டும், அதைத் தராமல் ஏஜென்ட் இழுத்தால், பாக்கிப் பணத்தைப் பிடித்து வையுங்கள். ஓட்டலுக்குப் பதில் வீடு என்றால் விளம்பரத்தில் சிஐஎன் என்ற அடையாள எண் இருக்க வேண்டும், 2025 ஜனவரி முதல் அது கட்டாயம். எண் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் முன்பணம் வேண்டாம். ரயில், கொலோசியம் இரண்டையும் பிள்ளைகளையே அதிகாரபூர்வத் தளத்தில் எடுக்கச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அது பத்து நிமிட வேலை.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். நிறுவனம் இறங்கிவந்து, அடுத்த டூரில் கழித்துக்கொள்ள 40,000 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் தருவதாகச் சொன்னது. இவர்களோடு அடுத்த டூரா? வேண்டாம் என்றுவிட்டு, இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

கடைசியாக அந்த டிசிஎஸ். அது நம் பான் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டிய பணம், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஏஜென்ட் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகு, நம் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். அந்தக் காலாண்டு முடிந்து தாக்கல் தேதியும் தாண்டியதும் ஆடிட்டர் பார்த்தார், 37,800 ரூபாய் வந்து சேரவில்லை. கேட்டதற்கு "அக்கவுன்ட்ஸ்ல பாத்துச் சொல்றோம்" என்றார்கள். அதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம். யாருக்காவது டூர் பேக்கேஜில் டிசிஎஸ் பிடித்திருந்தால் இன்றே 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்கள்.