பாம்பன் காற்றுக்கு டிடி ஃப்ரீ டிஷ் தாங்குமா? இரண்டு வருட அனுபவம்

எங்கள் வீடு பாம்பன் தெற்குவாடியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மாமனார் கடலுக்குப் போவதை நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் காலையும் ராத்திரியும் செய்தியில் வானிலை கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மாடியில் டிடி ஃப்ரீ டிஷ் மாட்டி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இரண்டு வாடைக்காலமும் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலம் இரண்டும் பார்த்தாயிற்று, இனி எழுதலாம்.

கேபிளை விட வேண்டும் என்று நான் நினைத்தது 2020 டிசம்பரில். புரெவி புயல் வலுக்குறைந்து, பாம்பனுக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்றது. படகுகளை இழுத்துக் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தோம். புயல் இப்போது எங்கே நிற்கிறது, எப்போது கரையை விட்டு விலகும் என்பது ஒன்றுதான் தெரிய வேண்டும். கரண்ட் வந்து வந்து போனது. வந்த நேரத்திலும் டிவியில் படம் இல்லை, கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய கேபிள் வயர் எங்கேயோ அறுந்திருந்தது. ஒட்டித் தர ஒன்பது நாள் ஆனது. அந்த மாதத்துக்கும் முழுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறமும் ஒவ்வொரு வாடைக்கும் இதே கதைதான். கையில் பணம் சேர்ந்ததும் டிஷ் வாங்கினோம்.

ஃப்ரீ டிஷ் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடையது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. மாதக் கட்டணம் என்று எதுவும் கிடையாது, ரீசார்ஜும் கிடையாது. டிஷ் வழியாகச் சானல் தரும் மற்ற டிடிஎச் நிறுவனங்கள் முதல் நூறு சானல்களுக்கு மட்டும் மாதம் 130 ரூபாய் வரை வாங்கலாம் என்று 2019-இல் விதி வந்தது, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு; அந்த உச்சவரம்பையும் 2024-இல் எடுத்துவிட்டார்கள். கட்டணச் சானல்களுக்குத் தனிப் பணம். எங்களுக்கு டிஷ், பெட்டி, வயர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 2,150 ரூபாய் ஆனது. பின்னால் சொல்லப்போகும் பெட்டிச் செலவையும் போல்ட் செலவையும் விட்டால், அதோடு சரி.

மாட்ட வந்த தம்பி டிஷ் குடையைத் தனுஷ்கோடிப் பக்கம் திருப்பி வைத்தார். எதிரே இருக்கிற தென்னை மறைக்குமே என்று எனக்குப் பயம். "அக்கா, சேட்டிலைட் நம்ம தலைக்கு மேலதான் இருக்கு, தென்னை ஒண்ணும் பண்ணாது" என்றார். உண்மைதான். ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 சேட்டிலைட் நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. பாம்பனிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு ஏறக்குறைய 70 பாகை மேலே. டெல்லிக்காரர்களுக்கு அது 52 பாகை அளவில்தான் தெரியும். அவ்வளவு நெட்டுக்குத்தாக இருப்பதில் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு, சிக்னல் மழைக்குள் நுழைந்து வரும் தூரம் குறைகிறது.

குடையைத் திருப்பும்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு ஆண்டெனாவும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பார்த்து நின்றது, இலங்கையின் ரூபவாஹினிக்காக. அப்பா குழாயைப் பிடித்துத் திருப்ப, நாங்கள் கீழேயிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு... போச்சு" என்று கத்துவோம். அப்புறம் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது. அதன் சிவப்பு விளக்கைக் கடலில் நின்று பார்த்திருக்கிறேன் என்று மாமனார் இப்போதும் சொல்வார்.

சரி, மழையில் எப்படி? சாதாரணத் தூறலுக்கு ஒன்றும் ஆகாது. ஐப்பசி கார்த்திகையில் கருத்துக் கட்டி வந்து கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பத்து நிமிடம், அதிகம் போனால் அரைமணி, மேகம் கடந்ததும் தானாக வந்துவிடும். யாருக்கும் போன் பண்ண வேண்டாம், ஆள் வர வேண்டாம். எங்களுக்கு அது பெரிய நிம்மதி. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் காலை பதினொரு மணி வாக்கில், வெயில் அடிக்கும்போதே சில நிமிடம் படம் போகும். முதல் தடவை பெட்டி கெட்டுவிட்டது என்று பதறினேன். சூரியன் நேராகச் சேட்டிலைட்டுக்குப் பின்னால் வருவதால் அப்படி ஆகிறதாம். பேசாமல் விட்டுவிடுங்கள்.

மழையைவிட உப்புதான் டிஷ்ஷுக்கு எமன். கடையில் கொடுத்த நட்டு போல்ட் ஆறே மாதத்தில் துருப்பிடித்துத் திருக முடியாமல் போய்விட்டது. ஒரு கச்சான் அடித்ததில் குடை ஒரு விரல் அளவுக்குத் திரும்பியது, அதற்கே சிக்னல் சுத்தமாகப் போய்விட்டது. வீட்டுக்காரர் எவர்சில்வர் போல்ட் வாங்கி மாற்றி, கிரீஸ் தடவி, கம்பத்தின் அடியில் சிமெண்ட் போட்டு, நைலான் கயிற்றால் மூன்று பக்கமும் படகு கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டினார். குடைக்கு முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியில் வயர் சேரும் இடத்தைத் தண்ணீர் புகாமல் டேப்பால் சுற்றினார். அதற்குப் பிறகு இன்றுவரை அசையவில்லை. கடற்கரைக்காரர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பெட்டி விஷயத்தில் ஏமாந்தேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் "எல்லாமே வரும்" என்று கொடுத்தது, படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறையான எம்பெக்-2 பெட்டி. ஃப்ரீ டிஷ்ஷில் சில சானல்கள் அதைவிடப் புதிய எம்பெக்-4 முறையில் வருகின்றன, அவை அதில் தெரியவே தெரியாது. திருப்பிக் கொடுக்கப் போனால் பிரித்த பெட்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். மறுபடி 900 ரூபாய் செலவு. அட்டையில் எம்பெக்-4 என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். சானல்கள் மாறும்போது ரிமோட்டில் மறுபடி ஒரு தடவை தேட விட வேண்டும், அது எளிது.

என் மனக்குறை தமிழ்தான். பெட்டியைத் திறந்தால் இந்தி இந்தியாக ஓடுகிறது. பொதிகையாக இருந்து 2024-இல் பெயர் மாறிய டிடி தமிழ் இருக்கிறது. மற்ற தமிழ்ச் சானல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனியார் சானல்களுக்கான இடத்தைப் பிரசார் பாரதி ஏலம் விடுகிறது, ஏலத்தில் எடுப்பவர்கள்தான் வருகிறார்கள். கரண்ட் கம்பம்கூடச் சாய்ந்து போகிற கரையில் இருப்பவர்களுக்கு மேலிருந்து வருகிற இந்த ஒரு வழிதான் நிச்சயம். அதில் தமிழுக்கென்று சில இடங்களைக் குறைந்த விலைக்காவது ஒதுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். சீரியல் இல்லையே என்று என் நாத்தனார் மூன்றே மாதத்தில் கேபிளுக்குத் திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் இதுதான் ஓடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும், அந்த 61 நாளும் கேபிள் பணத்துக்கு யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. போன வாடையில் பக்கத்துத் தெருவில் வயர் அறுந்தபோது நாலு வீட்டு ஆட்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து வானிலை கேட்டார்கள். அவர்களில் இரண்டு வீட்டில் இப்போது டிஷ் மாட்டியாயிற்று. போல்ட்டும் கயிறும் எங்கள் வீட்டுக்காரரே போய்ப் போட்டுக் கொடுத்தார்.