பத்தாவது பாகத்திலும் அவள் வேலைக்குப் போகிறாளா?

2001-இல், அனிட்டா பிளேக் என்ற காட்டேரி வேட்டைக்காரியைப் பற்றிய ஆங்கில நாவல் தொடரின் பத்தாவது நாவலான 'நார்சிசஸ் இன் செயின்ஸ்' வெளிவந்தது. அதையொட்டி இரண்டாகப் பிரிந்த வாசகர்கள் இன்றுவரை ஒன்றுசேரவில்லை. ஒன்பதாவது நாவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு தரப்பு புதியவர்களைக் கையைப் பிடித்துத் தடுக்கிறது. பத்துக்குப் பிறகுதான் அந்தப் பெண் தன் உடலைப் பற்றிய அச்சத்தை உதறுகிறாள், பொறுக்காதவர்கள் விலகிப் போகட்டும் என்கிறது மறுதரப்பு. நான் நெடுங்காலம் முதல் தரப்பில் நின்றவன். ரத்தக் காட்டேரிகள் மனிதர்களோடு நகரத்தில் வாழும் நான்கு தொடர்களை அடுத்தடுத்து வாசித்தபின், இந்தச் சண்டை தவறான இடத்தில் நடக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். காமம் கூடியதா, குறைந்ததா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. நாயகி பிழைப்புக்கு என்ன செய்கிறாள், அந்தப் பிழைப்பைக் கதை கடைசிவரை மதிக்கிறதா என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

கதை முடிவுகளைத் தொடாமல் இதை எழுத முடியாது. முடிவு தெரியாமல் வாசிக்க விரும்புகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

லாரல் கே. ஹாமில்டனின் அனிட்டா 1993-இல் 'கில்டி பிளஷர்ஸ்' நாவலில் அறிமுகமானாள். களம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். அந்த உலகில் ரத்தக் காட்டேரிகளுக்குச் சட்டப்படி உரிமைகள் உண்டு. நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒன்றைக் கொன்றால் அது கொலைக்குற்றம். அந்த ஆணையை நிறைவேற்ற உரிமம் பெற்றவள் அனிட்டா. ஆனால் அவளுக்குச் சோறு போடுவது வேறொரு வேலை: இறந்தவர்களை எழுப்பித் தரும் ஒரு நிறுவனத்தில் அவள் ஊழியர். பிணம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பெரிய பலி தேவை. இரண்டாவது நாவலில் 283 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவனை எழுப்பச் சொல்லி ஒரு பணக்காரன் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொல்கிறான். அவ்வளவு பழைய பிணத்துக்கு மனித உயிரையே பலியிட வேண்டியிருக்கும் என்று தெரிந்து மறுத்துவிடுகிறாள். கதை முழுவதும் அந்த மறுப்பிலிருந்துதான் கிளம்புகிறது. தொழில் தெரிந்த ஒருத்தி, தொழிலுக்குள்ளேயே தனக்கென்று ஓர் எல்லை வைத்திருப்பவள். நகரத்துக் காட்டேரிகளின் தலைவன் ஜான்-குளோட் எத்தனை அழகனாக இருந்தால் என்ன, மறுநாள் காலை அவளுக்கு ஒரு கொலை நடந்த இடத்தில் போலீசோடு நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலை வேளைகள்தான் என்னைத் தொடரோடு கட்டிப்போட்டன.

ஒன்பதாவது நாவலான 'அப்சிடியன் பட்டர்ஃபிளை' (2000) ஏன் இத்தனை பேருக்குப் பிடித்தது என்று யோசித்துப் பாருங்கள். அதில் ஜான்-குளோடும் இல்லை, ஓநாய் மனிதன் ரிச்சர்டும் இல்லை என்று சொல்லிவிடலாம். அத்தனை ஓரமாக இருக்கிறார்கள். கூலிக் கொலைகாரன் எட்வர்ட் தனக்குத் தரவேண்டிய உதவியைக் கேட்டு அவளை நியூ மெக்சிகோவுக்கு அழைக்கிறான். தோல் உரிக்கப்பட்டும் சாகாமல் கிடக்கும் மனிதர்கள். யார் செய்தது, எதற்காக என்ற விசாரணை. எட்வர்டோ அங்கே வேறொரு பெயரில், இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு விதவையை மணக்க நிச்சயம் செய்துகொண்டு வாழ்கிறான். வழக்கைவிட அந்தக் குடும்பத்தை அவன் என்ன செய்யப்போகிறானோ என்ற பயம் அதிகம். காதலர்களை ஒதுக்கிவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய நாவல் அது.

அடுத்த நாவலில் அனிட்டாவுக்கு ஒரு புதிய பசி வந்து சேர்கிறது. காமத்தால் மட்டுமே தணியும் பசி. வேளாவேளைக்குத் தணித்தே ஆகவேண்டும். இதை ஆதரிப்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. துப்பறியும் ஆண்கள் நாவலுக்கு நாவல் பெண்களோடு திரியும்போது முகம் சுளிக்காதவர்கள், ஒரு பெண் செய்தால் மட்டும் ஏன் சீற்றம் கொள்கிறார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 'தொடர் கெட்டுப்போய்விட்டது' என்று எழுதுபவர்களில் சிலரிடம் இருப்பது இலக்கிய அளவுகோல் இல்லை, பழைய ஒழுக்க அளவுகோல்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வருத்தம் வேறு. முன்பு ஆபத்து வந்தால் அவள் யோசித்தாள், விசாரித்தாள், துப்பாக்கியைச் சுத்தம் செய்து வைத்தாள். இப்போது ஆபத்து வரும்போதெல்லாம் ஒரு புதிய சக்தி விழித்துக்கொள்கிறது, அதோடு ஒரு புதிய காதலனும் வருகிறான். பல அத்தியாயங்கள் கழித்தே வழக்கு நினைவுக்கு வருகிறது. திறமையால் வென்ற ஒருத்தியை வரத்தால் வெல்பவளாக மாற்றியதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

சார்லெய்ன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடரில் நடந்த சண்டை இன்னும் கசப்பானது. 2001-இல் தொடங்கி 2013-இல் பதின்மூன்றாவது நாவலோடு முடிந்தது. லூசியானாவில் போன் டெம்ப்ஸ் என்ற கற்பனைச் சிற்றூர். சூக்கி அங்கே ஒரு மதுக்கூடத்தில் பரிமாறுபவள். (சிற்றூர்க் கதையை, நகரத்தில் நடக்கும் மாயக்கதை வகையான நகர மிகுபுனைவில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து ஷ்ரீவ்போர்ட் நகரத்தின் காட்டேரி அரசியல் அவள் வாசல்வரை வருகிறதே, சேர்க்கலாம்.) ஜப்பானியர் உருவாக்கிய செயற்கை ரத்தம் கடைகளில் கிடைப்பதால் காட்டேரிகள் ஒளிந்திருப்பதை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். சூக்கிக்குப் பிறர் மனம் கேட்கும். எல்லோர் மனமும் ஓயாமல் காதில் இரைகிற ஒருத்திக்குக் காட்டேரிகளின் மனம் மட்டும் கேட்பதில்லை. அவள் பில் என்ற காட்டேரிமீது மயங்கியது அழகுக்காக என்பதைவிட, அவன் பக்கத்தில் கிடைத்த அமைதிக்காக என்றே நான் வாசித்தேன். இந்த வகை நாவல்களில் காதலுக்கு இவ்வளவு நல்ல காரணம் சொன்ன வேறொன்றை நான் கண்டதில்லை.

பிறகு எரிக் என்ற இன்னொரு காட்டேரி வந்தான். நினைவிழந்த எரிக்கைச் சூக்கி தன் வீட்டில் ஒளித்துவைக்கும் நான்காவது நாவல் பெரும்பாலான வாசகர்களின் மனத்தைக் கொள்ளைகொண்டது. அதற்கடுத்த ஒன்பது நாவல்களையும் பலர் அவர்கள் சேர்வதற்காகவே வாசித்தார்கள். முடிவில் எரிக், தன்னை உருவாக்கியவன் செய்துவைத்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு ஓக்லஹோமா அரசியிடம் போகிறான். சூக்கி மதுக்கூட உரிமையாளர் சாமுடன் நிற்கிறாள். கடைசி நாவல் விற்பனைக்கு வருமுன்பே முடிவு கசிந்துவிட, வாசகர் கோபம் ஆசிரியர்மீது நேரடியாகப் பாய்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளை ஏமாற்றிப் பறித்துக்கொண்டதாகக்கூட எழுதினார்கள்.

அந்த வலி எனக்குப் புரிகிறது, ஆனால் அதோடு நான் உடன்படவில்லை. சூக்கி முதல் நாவலிலிருந்தே வெயில் காய்வதை விரும்புகிறவள். வெயிலே ஆகாத ஒருவனோடு அவளை முடித்திருந்தால் அதுதான் துரோகம். இன்னொன்று: தொடர் முழுக்க அவள் பணக் கணக்குப் பார்த்தபடியே இருக்கிறாள். வீட்டு வரி, பழைய கார், விடுப்பு கேட்டால் சாம் என்ன சொல்வானோ என்ற தயக்கம். எரிக் அவளுக்குச் செய்தவற்றில் வாசகர்கள் இன்றும் உருகிப் பேசுவது, குண்டும் குழியுமாகக் கிடந்த அவள் வீட்டுப் பாதைக்குச் சரளைக்கல் கொட்டிக் கொடுத்ததைத்தான். அவளை அவன் எவ்வளவு புரிந்துவைத்திருந்தான் என்பதற்கு அதுவே சாட்சி. கடைசியில் அவள், தான் பரிமாறிய அதே மதுக்கூடத்தில் பங்குதாரராகிறாள். பதின்மூன்றாவது பாகத்திலும் வேலைக்குப் போகிறாள். நடுவில் சில நாவல்கள் தொய்வானவை, தேவதை உறவினர்கள் வந்து நெரிசல் செய்கிறார்கள் என்பதெல்லாம் உண்மை. முடிவு மட்டும் சரியான முடிவு.

கேட் டேனியல்ஸ் தொடரை இவற்றோடு ஒப்பிடுவதே தவறு என்று சிலர் சொல்வார்கள். அங்கே காட்டேரி மயக்கும் கண்ணன் இல்லை. நோய்க்கிருமியால் அறிவழிந்த பிணம். அதன் வெற்று மண்டைக்குள் புகுந்து பொம்மைபோல ஓட்டுவதற்கென்றே பயிற்சி பெற்ற மனிதர்கள் இருக்கிறார்கள். சூதாட்ட விடுதி ஒன்றிலிருந்து அந்தத் தொழில் நடக்கிறது. இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுதும் பத்து நாவல்கள், 2007 முதல் 2018 வரை. அட்லாண்டாவில் மந்திரம் அலையலையாக வந்து போகிறது. மந்திரம் ஏறினால் துப்பாக்கி சுடாது, மின்சாரம் நிற்கும். இறங்கினால் மந்திரம் பலிக்காது. உயர்ந்த கட்டடங்களை மந்திரம் அரித்துத் தின்கிறது. நான்கு தொடர்களில் நகரத்தையே பாத்திரமாக்கியது இதுதான்.

முதல் நாவல் தலையும் வாலும் புரியாமல் இருக்கிறது என்று வாசகர்கள் குறைப்படுவது நியாயம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவதில்தான் பிடி கிடைத்தது. கேட் கூலிக்கு வாள் தூக்குபவள், பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைக்கிறாள். கடைசி நாவல்களில் தெய்வத்துக்கு நிகரான தந்தை, உலகத்தின் தலைவிதி என்று கதை வீங்கத்தான் செய்கிறது. அப்போதும் கூலிப்படைச் சங்கத்தின் கணக்கு வழக்குகளைச் சீர்செய்ய அவளுக்கு நேரம் இருக்கிறது. தன் ரத்தத்தில் அளவில்லாத சக்தி இருப்பது தெரிந்தும் அதை மறைத்து, அழித்து, பயன்படுத்தாமல் வாழப் பார்க்கிறாள். அனிட்டாவுக்கு நேர் எதிர்த்திசை. ஆனால் காட்டேரியின் கவர்ச்சிக்காக இந்த வகையைத் தேடி வருகிறவர்கள் இதில் ஏமாந்துதான் போவார்கள். அதைச் சொல்லாமல் பரிந்துரைப்பது சரியில்லை.

டான்யா ஹஃபின் விக்கி நெல்சனை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு உண்மையான மனக்குறை. இவர்கள் எல்லோருக்கும் முன்னே, 1991-இல் 'பிளட் பிரைஸ்' நாவலில் வந்தவள். டொரான்டோ போலீசில் துப்பறிவாளராக இருந்து, விழித்திரை நோயால் இரவுப் பார்வை மங்கியதால் வேலையை விட்டவள். இருட்டில் கண் தெரியாத அவளுக்கு இருட்டில் மட்டுமே நடமாடும் ஹென்றி ஃபிட்ஸ்ராய் துணையாகிறான். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். வரலாற்றில் 1536-இல், 17 வயதில் இறந்தவன். நாவலில் சாகாமல், டொரான்டோவில் காதல் நவீனங்கள் எழுதிப் பிழைக்கிறான். இந்தத் தொடரில் காட்டேரியும் வேலைக்குப் போகிறது!

மொத்தம் ஐந்தே நாவல்கள். நான்காவதில் சாகக் கிடக்கும் விக்கியைக் காப்பாற்ற ஹென்றி அவளைத் தன் இனமாக்குகிறான். அந்த உலகின் விதிப்படி இரண்டு காட்டேரிகள் ஒரே எல்லைக்குள் வாழ முடியாது. காப்பாற்றிய அதே செயல் அவர்களைப் பிரித்துவிடுகிறது. மற்ற தொடர்கள் பத்துப் பதின்மூன்று நாவல்களில் தேடித் தவித்த காதலின் விலையை ஹஃப் ஒரு விதியில் சொல்லிவிட்டார். இரவுப் பார்வை திரும்பக் கிடைத்த விக்கி அதன்பிறகும் வழக்குகளை எடுத்துக்கொள்கிறாள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு விக்கி. காட்டேரிக் காதலும் வேண்டும், மனிதர்களும் வேண்டும் என்றால் சூக்கி. நகரத்தில் தொலைந்துபோக ஆசைப்பட்டால் கேட், ஆனால் முதல் இரண்டு நாவல்களைப் பொறுமையாகக் கடக்க வேண்டும். அனிட்டாவை வரிசையாக ஒன்று முதல் ஒன்பதுவரை வாசியுங்கள். பத்தாவதைப் பற்றி யார் சொல்வதையும் கேட்காதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்துத்தான். முதல் நூறு பக்கங்களை நீங்களே வாசித்து, வழக்கு எந்தப் பக்கத்தில் தொலைகிறது என்று பாருங்கள். தொலையவே இல்லை என்று தோன்றினால் இன்னும் ஏறக்குறைய இருபது நாவல்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.