டெபியனா, ஆர்ச்சா? அல்சூர் வீட்டில் இரண்டு லேப்டாப்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வாடகை வீட்டில் இரண்டு லேப்டாப். என்னுடையதில் ஆர்ச் லினக்ஸ், தம்பியுடையதில் டெபியன். இரண்டுமே விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இயங்குதள வகைகள்.

டெபியனில் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் புதிய பதிப்பு. 2023 ஜூனில் பதிப்பு 12, 2025 ஆகஸ்டில் பதிப்பு 13. இடையில் வருவதெல்லாம் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான். அதிலும் ஒரு நுணுக்கம்: ஒரு மென்பொருளில் ஓட்டை தெரியவந்தால், வழக்கமாகப் புதிய பதிப்பைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழையதிலேயே பொருத்துவார்கள். பதிப்பு எண்ணைப் பார்த்தால் கிழடு, உள்ளே ஓட்டை அடைத்தாயிற்று. பிரவுசர்கள் போன்ற சில மட்டும் விதிவிலக்கு.

ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. புதியவை வர வர ஏற்றிக்கொண்டே போக வேண்டும், அதுவும் மொத்தமாக. ஒருமுறை மென்பொருள் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு மென்பொருளை நிறுவினேன். அது இழுத்து வந்த லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கோப்பு) புதியது, மற்றவை தேடியதோ பழையது. பாதி நிரல்கள் திறக்கவே இல்லை. தப்பு என்னுடையதுதான், பாதி அப்டேட் கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பி ஒரு வாரம் முழுக்க, "அண்ணா, இன்னைக்கு அப்டேட் பண்ணலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திறந்தால் ஆர்ச் ஜிபி கணக்கில் இறக்கக்கூடும். டெபியன் டீ ஆறுவதற்குள் முடித்துவிடும்.

சேலத்தில் அப்பாவுக்குக் கணினி போட்டுத் தர யோசிக்காமல் டெபியன். புத்தம்புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியவருக்கு ஆர்ச். எனக்கு? ஆர்ச்சேதான். சரி, அப்டேட் மட்டும் வெள்ளிக்கிழமை இரவில்.