வீட்டுக் கடனோடு எட்டு வருடம்: வட்டி ஏறி இறங்கியதில் நான் கவனிக்காமல் விட்டது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒற்றை மாடி தெரஸ் வீடு ஒன்றை 2017 கடைசியில் வாங்கினோம். கடன் 200,000 வெள்ளி (ரிங்கிட்), 30 வருடம், வட்டி 4.50 விழுக்காடு, மாதத் தவணை 1,013 வெள்ளி. எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் பட்டதெல்லாம் அந்த ஒரு வங்கியோடு நிற்கிற விஷயமில்லை.

எங்கள் குடும்பத்தில் வீட்டுக்கு லோன் எடுத்த முதல் ஆள் நான்தான். தாத்தா, தோட்டத் தொழிலாளர்களுக்காக அமைச்சர் துன் சம்பந்தன் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கியவர், அந்தப் பத்திரத்தை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். ஆனால் வீடு என்றால் தோட்டத்தில் கொடுத்த லயத்து வீடுதான். அப்பா பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறி, ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு டவுனுக்கு வந்தவர். "வாடகையே இல்லாத வீடு, வேலை போனா வீடும் போச்சு" என்பார். அதனால் 30 வருடக் கடன் என்றதும் அவர் பயப்படவில்லை, நான்தான் பயந்தேன். பயந்தேனே தவிர கடன் பத்திரத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை. லோயர் விரலை வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

முதல் தவணை கட்டிய மாதமே அடி. 2018 ஜனவரியில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, நாட்டின் வட்டிக்கெல்லாம் வழிகாட்டியாக வைக்கிற ஓபிஆர் விகிதத்தை 3.00-இலிருந்து 3.25-க்கு ஏற்றியது, என் வட்டி 4.75 ஆனது, தவணை 1,043. முப்பது வெள்ளிதான், ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போது பில் ஏறுகிறதே என்ற கடுப்பு. அப்போதுதான் இந்த ஓபிஆர் என்பதையே தேடிப் படித்தேன். வருடத்துக்கு ஆறு முறை பேங்க் நெகாராவில் கூடி முடிவு செய்கிறார்கள், அது கால் விழுக்காடு அசைந்தால் நம் வங்கியின் அடிப்படை விகிதமும் கூடவே அசையும். அந்த அடிப்படைக்கு மேல் வங்கி தனக்கென்று வைக்கிற பங்கு மட்டும் கையெழுத்துப் போட்ட நாளில் என்னவோ அதுதான், கடன் முடிகிற வரை அப்படியே இருக்கும். என்னுடையது 0.90. ஆக, பேரம் பேச வேண்டியது அந்தப் பங்கைத்தான். நான் பேசவே இல்லை. டைல்ஸ் கடையில் சதுர அடிக்கு இருபது காசு குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நின்ற ஆள், வங்கியில் கொடுத்த எண்ணைத் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். 2022 ஆகஸ்ட் 1-இலிருந்து புதுக் கடன்களுக்கு எல்லா வங்கிக்கும் ஒரே அடிப்படை விகிதம், எஸ்பிஆர் என்கிறார்கள், அது ஓபிஆர் எவ்வளவோ அவ்வளவு. எனவே இரண்டு வங்கியை ஒப்பிடும்போது "எஸ்பிஆருக்கு மேல் எவ்வளவு?" என்று கேட்டாலே வட்டி விஷயம் பாதி தெளிந்துவிடும்.

அப்புறம் 2020. ஜனவரியில் குறைத்தார்கள், மார்ச்சில் குறைத்தார்கள், மே, ஜூலை என்று போய் ஓபிஆர் 1.75-க்கு வந்து நின்றது. என் வட்டி 3.25. அதே நேரத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு. விண்ணப்பிக்க வேண்டியதில்லை, தானாகவே நின்றது. எங்கள் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுபோயிருந்தது, ஆனால் அடிப்படைச் சம்பளம் வந்துகொண்டிருந்தது, மனைவி கிளினிக் கவுண்டரில் வேலை செய்ததால் அவர் சம்பளத்துக்கும் குறைவில்லை. நேர்மையாகச் சொன்னால் எங்களால் கட்டியிருக்க முடியும். கட்டவில்லை. மிச்சமான ஐயாயிரத்துச் சொச்சம் எங்கே போனது என்று கேட்காதீர்கள், பாதி சமையலறைக் கூரைக்குப் போனது, மீதிக்கு என்னிடம் கணக்கு இல்லை.

அக்டோபரில் ஸ்டேட்மெண்ட் வந்தபோது கடன் பாக்கி மூவாயிரத்து முந்நூறு வெள்ளிக்கும் மேல் ஏறியிருந்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வருமானமே நின்றுபோனவர்களுக்கு அந்த ஆறு மாதம் மூச்சு விட்ட மாதிரி இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் மாதிரி சும்மா ஏற்றுக்கொண்டவர்களுக்கு அது கடன் மேல் கடன்.

பாக்கி ஏறியும், வட்டி குறைந்ததால் புதுத் தவணை 894 வெள்ளிதான் வந்தது. நான் அதைக் கொண்டாடத் தயாரானேன். மனைவிதான் தடுத்தார். "2018-ல ஆயிரத்து நாற்பத்து மூணு கட்டினோம்தானே, செத்தா போயிட்டோம்? அதையே கட்டுங்க" என்றார். சரி என்று வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 1,050 தானாகப் போகிற மாதிரி வைத்துவிட்டேன். வட்டி அப்படியே இருந்தால் கடன் ஏறக்குறைய ஆறு வருடம் முன்னதாக முடியும் என்று கணக்குப் போட்டுப் பெருமையாக மச்சானிடம் வேறு சொன்னேன்.

பதினாலு மாதம் கழித்து ஒரு நாள் மனைவி ஸ்டேட்மெண்டை விரித்து வைத்துக்கொண்டு, "பாக்கி குறையவே இல்லியே, இதென்ன ஒரு வரி, முன்பணம்னு?" என்று கேட்டார். பார்த்தால், நாங்கள் கூடுதலாகக் கட்டிய இரண்டாயிரத்துச் சொச்சம் அசலில் கழியவில்லை. வருங்காலத் தவணைக்கு முன்பணம் என்று தனியாகக் குந்தியிருந்தது. அசலில் கழியாத பணத்தால் வட்டி ஒரு காசும் குறையாது.

வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக மலாயில் விளக்கினார். என்னுடையது சாதாரணத் தவணைக் கடன், கூடுதல் பணம் தானாக அசலைக் குறைக்கிற ஃபிளெக்ஸி இல்லை. அதில் கூடுதல் பணம் வந்தால் அசலைக் குறைக்கச் சொல்லி நாம் எழுதிக் கொடுத்தால்தான் குறைப்பார்கள், இல்லாவிட்டால் முன்பணம்தான். பத்திரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, இத்தனாம் பக்கம் என்று காட்டினார். லோயர் விரல் வைத்த பக்கங்களில் அதுவும் ஒன்று. ஒரு பாரம் நிரப்பி, இருந்த பணத்தை அசலுக்கு மாற்றி, இனி வருகிற கூடுதல் பணமும் அசலுக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகலோடு.

அந்தப் பதினாலு மாதத்தில் எனக்கு நஷ்டம் எவ்வளவு? கணக்குப் போட்டால் நாற்பது வெள்ளி சொச்சம். நான்கைந்து பேர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எழுந்தால் ஆகிற செலவு. ஆனால் மனைவி அந்தத் தாளைப் பார்க்காமல் விட்டிருந்தால் இருபது வருடத்துக்கு இதே கதைதான் ஓடியிருக்கும். வட்டி ஏறுமா இறங்குமா என்று செய்தி பார்க்கிற நேரத்தில் கால்வாசியை ஸ்டேட்மெண்டுக்குக் கொடுத்திருந்தால் போதும், நான் கொடுக்கவில்லை.

மச்சான் செமி ஃபிளெக்ஸி எடுத்தவர். அவருக்கு இந்தப் பாரத் தொல்லை குறைவு, கூடுதல் பணம் அசலைக் குறைக்கும், அவசரத்துக்குத் திரும்ப எடுக்கவும் முடியும், எடுக்கும்போது ஒரு சின்னக் கட்டணம். பிரச்சினை, திரும்ப எடுக்க முடியும் என்பதால் அவர் எடுத்துவிடுவார். தீபாவளிக்கு ஒரு முறை, கார் முன்பணத்துக்கு ஒரு முறை. எனக்குத் தெரிந்தவரை அவர் அசல் என்னுடையதை விட வேகமாகக் குறையவில்லை. ஆளைப் பொறுத்தது.

2022 மே மாதம் முதல் ஓபிஆர் ஏற ஆரம்பித்தது. அந்த வருடமே நான்கு முறை, 2023 மே மாதம் இன்னொன்று, ஆக 3.00. என் வட்டி பழையபடி 4.50. பக்கத்து வரிசையில் என்னோடு ஒரே சமயத்தில் வீடு வாங்கிய நண்பர் தவணை குறைந்தபோது குறைந்ததையே கட்டியவர், அவருக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஏறியது, மோட்டார் தவணையும் சேர்ந்து திண்டாடினார். எங்களுக்கு வங்கி கேட்ட புதுத் தவணை ஏறக்குறைய 1,000. நாங்கள் கட்டிக்கொண்டிருந்ததோ 1,050. கடிதங்கள் வந்தன, பணம் அதேதான் போனது. அந்த ஒரு வருடம் தூக்கம் கெடாததற்கு மனைவிதான் காரணம், இதை அவர் படிப்பார் என்பதால் எழுதவில்லை, உண்மையே அதுதான்.

தங்கை தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளுக்கு அரசாங்க ஊழியர் வீட்டுக் கடன், 4 விழுக்காடு நிலையானது. 2020-ல் நான் 3.25 கட்டிக்கொண்டு அவளைச் சீண்டினேன். 2023-ல் அவள் முறை. தகுதி இருப்பவர்கள் அதை விட வேண்டாம் என்பது என் கருத்து, தவணை அசையாது என்பதற்கே ஒரு விலை உண்டு.

வேறு வங்கிக்கு மாற்றலாமா என்று 2023-ல் யோசித்தேன். கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கிற ஐந்து வருட லாக்-இன் முடிந்துவிட்டதால் அந்தச் செலவு இல்லை. ஒரு ஏஜெண்ட் 4.20 என்றார். பாக்கி 180,000 பக்கம், வித்தியாசம் 0.30, வருடத்துக்கு 540 வெள்ளி மிச்சம். செலவு? கடன் பத்திர முத்திரை வரி அரை விழுக்காடு என்றால் 900, அதற்கு மேல் லோயர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், பழைய அடமானத்தை விடுவிக்கும் செலவு, எல்லாம் சேர்த்து அவர் கொடுத்த மதிப்பு ஆறாயிரத்தைத் தாண்டியது. பதினோரு வருடம் ஆகும் போட்ட காசு திரும்ப. "செலவே இல்லை அண்ணே, எல்லாத்தையும் லோன்லயே சேர்த்துடலாம்" என்றார். அதற்கும் வட்டி நான்தானே கட்டணும் தம்பி என்றேன், புதுசாக லாக்-இன் வேறு. விட்டுவிட்டேன். பாக்கி நான்கைந்து லட்சம், வட்டி வித்தியாசம் ஒரு விழுக்காடு என்றால் கணக்கு மாறும், அவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பிலிருந்து எடுத்து அசலைக் குறைக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் 2022-ல் பாரத்தை நிரப்பிவிட்டேன். மனைவி ஒரே கேள்வி கேட்டார்: இபிஎஃப் 2021-க்கு எவ்வளவு லாப ஈவு கொடுத்தான்? 6.10 விழுக்காடு. லோன் வட்டி? 3.25. பாரத்தைக் கிழித்தேன். வட்டி 4.50 ஆன வருடத்துக்கும் இபிஎஃப் 5.50 கொடுத்தது. வேலை போய்த் தவணை தவறுகிற நிலை வந்தால் வேறு கதை, அப்போது எடுக்கத்தான் வேண்டும்.

தவணை தவறியவர்களைப் பற்றி ஒன்று. என் சித்தப்பா மகன் இரண்டு மாதம் விட்டதும் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரனிடம், போகப் பார்த்தான். வங்கியிடமே போய்ப் பேசு, இல்லாவிட்டால் கடன் ஆலோசனை தருகிற ஏகேபிகேவுக்குப் போ என்று இழுத்துக்கொண்டு போனேன். பேங்க் நெகாரா அமைத்தது, காசு வாங்க மாட்டார்கள். வரவு செலவையெல்லாம் மேசை மேல் வைக்கச் சொல்லி, புதுத் தவணைத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வங்கிகள் பார்க்கிற கடன் பதிவேடான சிக்ரிஸில் கடைசி 12 மாதக் கட்டணப் பதிவு தெரியும், அதற்காகப் பயந்து ஒளிவதில் பிரயோஜனமில்லை.

2025 ஜூலையில் ஓபிஆர் 2.75 ஆனது. எனக்கு வட்டி 4.25, தவணை முப்பது வெள்ளி குறைந்ததாகக் கடிதம். 1,050 அப்படியே போகிறது. போன வாரம் ஸ்டேட்மெண்ட் பார்த்தேன், முன்பணம் வரியில் பூஜ்ஜியம், பாக்கி 170,000-க்குக் கீழே.

இன்னும் பார்க்காத ஒன்று எம்ஆர்டிஏ. நான் இறந்தால் கடனை அடைக்க வேண்டிய காப்புறுதி அது, ஆனால் அதன் தொகை ஒரு குறிப்பிட்ட வட்டியை வைத்து வருடா வருடம் குறைகிற மாதிரி போட்டது. நடுவில் ஆறு மாதம் தவணை நின்றது அந்த அட்டவணைக்குத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பத்திரம் அம்மாவின் பீரோவில், தாத்தாவின் பங்குப் பத்திரத்துக்குக் கீழே இருக்கிறது. சனிக்கிழமை போகிறேன்.